துறைமுகமும் பலர் கூடியாடும் ஆட்டமும்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்காகி, 1957இல் பிரித்தானியக் கடற்படையும் நீங்கிச் சென்ற திருகோணமலையிலே, இன்று கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் போதிக்கப்படுகிறது. அவ்வித்தையின் கிளையாகிய, பலர் கூடியாடும் ஆட்டங்களை இயற்றும் கலையின் ஆரம்பகாலப் படைப்புகளுள் ஒன்றைத் தேடினால் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும். அங்கே 1978இல் ராய் டிரப்ஷா தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் விருத்திசெய்த 'மட்' என்னும் ஆட்டத்தில் சித்திரமே கிடையாது, எழுத்து மாத்திரமே.

ஆரம்ப மாணாக்கருக்கு அதுவே உத்தமமான பாடம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், எந்தக் கப்பல் எங்கே நங்கூரமிட்டது என்பதைத் துறைமுக அதிகாரியின் பதிவேடே நிர்ணயிப்பதுபோல, யார் எந்த அறையில் நிற்கிறார் என்பதை ஒரே மையக் கணினி நிர்ணயிக்க, ஆடுவோர் தத்தம் முனையங்களிலிருந்து கட்டளையை மாத்திரம் அனுப்பும் தத்துவம் அதில் அலங்காரமின்றி விளங்குகிறது. இரண்டு அறை, இரண்டு ஆட்டக்காரர், நடுவே ஒரு கதவு. அதை முதலில் திறந்தவர் யார் என்ற வழக்கைத் தீர்த்த பின்னரே சித்திர வேலை.