ஊவாவின் வெள்ளித்திரை: தியத்தலாவைக் கைதிகள்

1972 இல் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றி, இந்தியப் படங்களை இறக்குமதி செய்யும் அதிகாரம் அதன் கைக்குப் போன கட்டத்தில் சென்ற இதழ் நின்றது. அங்கிருந்து 1983 ஜூலைக்கு, பதுளைக் கடைத்தெருப் படமாளிகையின் வாசலுக்கு, வாசகர்களை அழைத்துச் செல்வதாகவும் சொல்லியிருந்தேன். ஆயினும் ஊவாச் சீமைக்குச் சலனப்படத்தின் சம்பந்தம் எப்போது, யாரை முன்னிட்டு உண்டாயிற்று என்கிற பூர்வ விருத்தாந்தத்தைச் சொல்லாமல் மேற்செல்ல எனக்கு மனமில்லை.

இலங்கைச் சினிமாவின் சரித்திரத்தை எழுதியவர்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து, திரும்பத் திரும்பச் சொல்லிவரும் செய்தி ஒன்றுண்டு. 1901 இல் தேசாதிபதி வெஸ்ட் ரிட்ஜ்வேயும் போயர் யுத்தக் கைதிகளும் காணும்படியாக இந்நாட்டின் முதற் படம் காட்டப்பட்டது என்றும், போயர் யுத்தத்தில் ஆங்கிலேயர் அடைந்த வெற்றி, விக்டோரியா மகாராணியின் நல்லடக்கம், ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றன என்றும் எழுதுகிறார்கள். மகாராணியின் நல்லடக்கம் 1901 பெப்ரவரியில் நடந்தது, அது பொருந்துகிறது. எட்வர்ட் முடிசூடியதோ 1902 ஆகஸ்ட் 9 ஆம் தேதி. நடக்காத பட்டாபிஷேகத்தை எந்தப் படக்காரனும் பிடித்திருக்க முடியாது. ஆகவே ஆண்டு பிழையாக இருக்கவேண்டும், அல்லது மூன்றாவது காட்சி பிற்காலத்தார் ஒட்டவைத்ததாக இருக்கவேண்டும். பின்னதே உண்மை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கைதிகளின் பெருமுகாம் அமைந்திருந்தது நம்முடைய தியத்தலாவையில்தான். பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல் என்றாலும், பண்டாரவளை வரைக்கும் 1894 லேயே தண்டவாளம் போடப்பட்டுவிட்டபடியால், தென்னாபிரிக்காவில் பிடிபட்டுக் கப்பலேறி வந்த குடியானவர்களை 1900 ஆகஸ்ட் முதல் ரயிலிலேயே மலையேற்றி, புற்றரையில் எழுப்பிய தகரக் கொட்டகைகளில் அடைத்து வைத்தார்கள். அவர்களின் தொகை ஏறக்குறைய 5,000. ஊரையும் உறவையும் இழந்து பைபிளும் கையுமாக இருந்த மனிதர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் தோற்ற கதையையே படமாகக் காட்டுவதை ராஜதந்திரம் என்று நான் ஒப்பமாட்டேன், அது அற்பத்தனம்.

இக்கைதிகளுள் எங்கல்பிரெக்ட் என்பவரை மட்டும் சும்மா விட்டுச் செல்ல முடியவில்லை. யுத்தம் முடிந்தபின் ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்களெல்லாம் ஊர் திரும்ப, செய்யமாட்டேன் என்று சாதித்த இந்த மனிதர் இலங்கையிலேயே தங்கவேண்டியவரானார். எந்த மன்னரை வணங்க மறுத்தாரோ அந்த மன்னரின் அரசாங்கமே அவரை யால வனத்தின் முதற் காவலராக நியமித்தது. அத்துடன் தொல்லை தீர்ந்ததா? 1914 இல் சென்னையின் மேல் குண்டு வீசிய அதே ஜெர்மானிய எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்து உதவினார் என்ற பழி வர, மனிதர் சிறைக்குப் போனார். குற்றச்சாட்டு பொய் என்பது அந்த முதல் உலக யுத்தம் ஓய்ந்த பிறகே வெளிப்பட்டது. இந்தக் கதையில் வீரர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் இவரையே சொல்வேன்.

தேசாதிபதிக்கும் கைதிகளுக்கும் படம் ஓடிய அந்நாளில், சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த நம் ஜனங்களுக்குக் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கருமே காட்சி. பேசும் படம் பிறந்து, நகரத்தில் கொட்டகை எழுந்தபின்தான் பசறை, மடுல்சீமை, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, சம்பளம் போட்ட மறுநாள், பெரட்டுக் களத்தையும் கங்காணியின் குரலையும் மறந்து, தேயிலைக்கிடையே குறுக்குப் பாதையில் இறங்கி, நனைந்த கம்பளியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு கலரிப் பலகையில் நெருக்கி உட்காரும் காலம் வந்தது. பிரஜாவுரிமை பறிபோன 1948 க்குப் பிறகு, சீட்டு வாங்கியவனை நீ எந்த நாட்டான் என்று கேட்காமல் உள்ளே விட்ட இடம் அந்தக் கலரி. ஆனால் திரையில் தெரிந்த வீடும் வீதியும் சென்னையின் வீடும் வீதியுமே. தோட்டத்துக் கதையைச் சொல்ல 1963 இல் 'தோட்டக்காரி' வரவேண்டியிருந்தது. 1975 இல் தொழிற்சங்கத் தலைவர் வீ. பீ. கணேசன் தாமே தயாரித்து நடித்த 'புதிய காற்று' அதைத் தொடர்ந்தது. நடிப்பிலும் ஒளிப்பதிவிலும் குறை காண்போர் காணட்டும். தன் லயத்தையும் கொழுந்துக் கூடையையும் திரையில் கண்ட கலரிக்காரனுக்கு, மதராஸ் படங்கள் நூறு கொடுக்காத மரியாதையை அந்தப் படம் கொடுத்தது என்பதே என் தீர்ப்பு.

ஒதுக்கிய பக்கம் தீர்ந்துவிட்டது. வாக்களித்த கட்டம் அடுத்த இதழில் வரும். அதற்கு முன் வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டியவை இரண்டு: பதுளையில் கலவரம் மூண்டது 1983 ஜூலை 27 ஆம் தேதி, ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானதும் அந்த ஜூலையில்தான்.