நிற்க மறந்த செல்

வெம்பாக்கத்தில், மாதவிடாய் நின்ற பின்னும் கசிந்த இரத்தத்தைக் குழித்தறியில் உட்கார்ந்தபடியே மறைத்த பெண்களை அறிவேன். 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, முப்பதாண்டு போராடி, 1954இல் அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த வி. சாந்தா, 2021இல் இறக்கும்வரை அங்கேயே உழைத்தார்.

செல் வளரும், மரபணுவைப் படியெடுக்கும், இரண்டாகப் பிரியும். படியில் பிழை இருந்தால் பி53 என்ற புரதம் பிரிதலை நிறுத்திவைக்கும். கருப்பைவாயில் தங்கிவிடும் எச்பிவி வைரஸ் அந்தக் காவலை அழிக்கிறது. பிழையோடு செல்கள் பெருகுகின்றன. ஆனாலும் அது புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். பரிசோதித்தால் முன்பே தடுக்கலாம். அந்த ஆண்டுகளைத்தான் நாம் கூச்சத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.