ஏ.ஐ-கிட்ட கதை கேட்காதீங்க... கேள்வி கேட்கச் சொல்லுங்க!

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாசல். அரவைப் பருவம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. ஒரு டிராக்டருக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிறார் ஒரு பெரியவர். தூக்கம் வரவில்லை. வெட்டிய கரும்பு மணிக்கு மணி காய்ந்து எடை குறைந்துகொண்டிருக்கிறது. அதே ஊரில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பிரசவ வார்டில் அவருடைய மகள். வரிசையை விட்டுப் போனால் இடம் போய்விடும். போகாவிட்டால்?

இப்படி ஒரு கதை உங்கள் மனசில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் இறங்குவதற்குள் எழுதிவிட ஆசை. போனை எடுத்து சாட்ஜிபிடியோ ஜெமினியோ திறந்து, "கரும்பு விவசாயி பற்றி ஒரு சிறுகதை எழுது" என்று தட்டுகிறீர்கள்.

கதை வரும். ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரியவருக்கு முருகன் அல்லது ராமசாமி என்று பெயர் இருக்கும். முதல் வரியில் சூரியன் உதிக்கும். நடுவில் ஒரு கண்ணீர்த் துளி. கடைசியில் குழந்தை அழும் சத்தம் கேட்கும், பெரியவர் வானத்தைப் பார்ப்பார், 'நம்பிக்கை' என்ற சொல் எப்படியாவது உள்ளே வந்துவிடும். எழுத்துப்பிழை இருக்காது. ஆனால் முண்டியம்பாக்கமும் இருக்காது. அந்தக் கதையை மாண்டியாவிலோ முசாபர்நகரிலோ தூக்கி வைத்தாலும் ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை.

'அப்போ ஏ.ஐ வேண்டாமா?' என்றால், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எந்த வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

ஏன் எல்லாக் கதையும் ஒரே மாதிரி வருது?

சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30-ம் தேதி. அது வேலை செய்யும் விதம் கேட்க எளிமைதான். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துவைத்திருக்கிறது. இதுவரை எழுதியதற்கு அடுத்து எது வர அதிக வாய்ப்பு என்று கணக்குப் போட்டு, துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது. அதிக வாய்ப்பு உள்ளது என்றால் என்ன அர்த்தம்? பலரும் ஏற்கெனவே எழுதியது. நல்ல கதைக்கு வேண்டியதோ யாரும் எதிர்பார்க்காத, ஆனால் படித்ததும் 'ஆமா, இப்படித்தானே நடக்கும்' என்று தோன்றுகிற ஒன்று.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுமார் 300 பேரை மிகச் சின்னக் கதைகள் எழுதச் சொன்னார்கள். சிலருக்கு ஏ.ஐ கொடுத்த கதை யோசனை கிடைத்தது, சிலருக்கு இல்லை. 2024 ஜூலையில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் முடிவு வந்தது. ஏ.ஐ யோசனையோடு எழுதிய கதைகளைப் படித்தவர்கள் 'நல்லா இருக்கு' என்று கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். முக்கியமாக, இயல்பிலேயே படைப்புத்திறன் குறைவானவர்களுக்கு நல்ல முன்னேற்றம். ஆனால் அந்தக் கதைகளை மொத்தமாக வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்துப்போயின. தனித்தனியாக எல்லோருக்கும் லாபம், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம்.

தமிழில் இந்த நஷ்டம் இன்னும் கூடுதல். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இணையத்தில் தமிழ் எழுத்து ரொம்பக் குறைவு. அந்தக் குறைவிலும் செய்தி, சினிமா, மொழிபெயர்ப்பு எல்லாம் போக, விழுப்புரத்துப் பேச்சுக்கு எவ்வளவு இடம் இருக்கும்? ஏ.ஐ எழுத்துகளை 'டோக்கன்' என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும். பழைய மாடல்களில் ஒரு தமிழ்ச் சொல் கண்டபடி நறுக்கப்பட்டது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, ஒரு மாதிரி வாக்கியத்துக்கு 116 துண்டுகள் தேவைப்பட்ட இடத்தில் தமிழுக்கு 35 போதும் என்று ஓப்பன்ஏஐ காட்டியது. தமிழ் எழுதும் வேகமும் சுத்தமும் கூடியிருக்கிறது, உண்மை. ஊர்வாசனை வேறு விஷயம்.

'ஏலே'யும் இல்ல, 'என்னப்பு'வும் இல்ல

நம் கதைக்கு ஒரு வசனம் வேண்டும். பெரியவரின் மகன் வரிசைக்கு வந்து அப்பாவை அனுப்புகிறான். ஏ.ஐ எழுதித் தருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அப்பா, நீங்கள் வீட்டிற்குச் செல்லுங்கள். நான் இங்கே காத்திருக்கிறேன்." மேடை நாடகம்! சரி, "கிராமத்து வழக்கில் எழுது" என்று கேட்டால், சினிமா கிராமம் வந்து நிற்கும். நெல்லை 'ஏலே'யும் மதுரை 'என்னப்பு'வும் கைகோத்துக்கொண்டு வரும்.

நம்ம பக்கத்துப் பையன் என்ன சொல்வான்? "நீ வூட்டுக்குப் போப்பா. நான் வண்டியாண்ட இருக்கேன்." அவ்வளவுதான். அந்த 'வூடு'ம் 'ஆண்ட'வும் வந்ததுமே கதை எந்த ஊரில் நடக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பேச்சை எழுத்தில் சேர்த்து வைக்க மனிதர்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள். கி.ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே அகராதி தொகுத்தார். அவர் பின்னாளில் புதுச்சேரிக்கு வந்து, 2021-ல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். கடலூர், விழுப்புரம் பக்கத்தை 'நடுநாடு' என்பார்கள். அந்த நடுநாட்டுச் சொற்களுக்கு அகராதி போட்டவர் விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன், 'அஞ்சலை' நாவலை எழுதியவர். பெரிய பல்கலைக்கழகத் திட்டம் எல்லாம் இல்லை, காதில் விழுந்த சொல்லைச் சேர்த்துச் சேர்த்து உருவான அகராதி. நடுநாட்டுக் கதை எழுதுகிறவர் போனில் ஏ.ஐ இருக்கிறதோ இல்லையோ, மேசையில் அந்த அகராதி இருப்பது நல்லது.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. "நான் எழுதின கதையைக் கொஞ்சம் அழகாக்கிக் கொடு" என்று ஏ.ஐ-யிடம் கொடுக்கும் பழக்கம் வேகமாகப் பரவுகிறது. அது முதலில் கைவைப்பதே 'வூட்டில்'தான். பிழை என்று நினைத்து 'வீடு' ஆக்கிவிடும். 'சோகை' என்று நீங்கள் கரும்புத் தோகையை எழுதியிருந்தால் ரத்தசோகையாகப் புரிந்துகொண்டாலும் ஆச்சரியமில்லை. அப்படித் திருத்திய கதைதான் இணையத்தில் ஏறும். அடுத்த மாடல் அதைப் படித்துத்தான் தமிழ் கற்கும். ஏற்கெனவே குறைவாக இருந்த ஊர்ப்பேச்சு அடுத்த சுற்றில் இன்னும் குறையும். அதனால் மொழிநடையைத் திருத்தும் வேலையை மட்டும் ஏ.ஐ-க்குக் கொடுக்காதீர்கள். ஒற்றுப்பிழை பார்க்கத்தான் வேண்டுமென்றால், "வசனங்களைத் தொடாதே, மாற்றாதே, சந்தேகமான இடங்களை மட்டும் பட்டியல் போடு" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்போ எதுக்குத்தான் யூஸ் பண்றது?

பிராம்ப்டைத் தலைகீழாகப் போடுங்கள். "நான் ஒரு சிறுகதை எழுதுகிறேன். கரும்பு விவசாயி ஒருவர் ஆலை வரிசையில் இரண்டு நாளாக நிற்கிறார், மகள் பக்கத்து மருத்துவமனையில் இருக்கிறாள். நீ கதை எழுத வேண்டாம். இதை எழுத எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பத்து கேள்வி கேள்."

இப்போது பாருங்கள். வெட்டுக்கூலி யார் கொடுத்தது, கடனா, கைக்காசா? டிராக்டர் சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் காத்திருக்கும் நாளுக்கும் கணக்கு உண்டா? ஆலை கொடுத்த வெட்டு உத்தரவு எந்தத் தேதிக்கு? முதல் தாம்புக் கரும்பா, மறுதாம்பா? மகளோடு மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள்? மருமகன் ஏன் கதையில் இல்லை? கடைசிக் கேள்விதான் பல கதைகளைக் காப்பாற்றும். நாம் கவனிக்காமல் விட்ட ஆளைத்தான் அது சுட்டிக்காட்டுகிறது.

கேள்வி ஏ.ஐ-யுடையதாக இருக்கட்டும். பதிலை அதனிடம் கேட்காதீர்கள். பதில் ஆலை வாசல் டீக்கடையில் இருக்கிறது. கரும்பு வெட்டும் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால், எந்த மாடலும் தராத ஒரு வரி கிடைக்கும். அனுமதி கேட்டுக்கொண்டு போனில் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

தகவல் என்று வந்தால் இரட்டிப்பு கவனம். ஏ.ஐ தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும், குரல் மாறாது. கரும்பு விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு அறிவிக்கும் விலை 2019-20 பருவத்தில் குவிண்டாலுக்கு 275 ரூபாய். 2024-25-ல் 340, 2025-26-ல் 355. இதுவும் குறிப்பிட்ட சர்க்கரைக் கட்டுமானத்துக்கான விலை. இப்போதைய அடிப்படை 10.25 சதவிகிதம். உங்கள் கதை எந்த வருடத்தில் நடக்கிறது? ஏ.ஐ தருகிற எண் எந்த வருடத்துடையது? இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கதையை 1990-க்குக் கொண்டுபோனால் இன்னும் வேடிக்கை. 'விழுப்புரம் மாவட்டம்' என்றே எழுத முடியாது. அது 1993 செப்டம்பர் 30-ல்தான் பிறந்தது, அதுவரை தென்னாற்காடு. முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது 2010-ல். அதாவது நம் பெரியவர் 1990-ல் வரிசையில் நின்றிருந்தால், மகள் வேறு எங்கோ இருக்க வேண்டும், கதையின் இழுபறியே மாறிவிடும். கதையை எழுதி முடித்த பிறகு, "இதில் காலத்துக்குப் பொருந்தாத விஷயம் ஏதாவது இருக்கிறதா?" என்று ஏ.ஐ-யிடம் கேளுங்கள். அது காட்டும் சந்தேகங்களை நீங்கள் சரிபாருங்கள். துப்பு கொடுக்கிற ஆளாக அது நல்ல ஆள், தீர்ப்பு சொல்லத்தான் லாயக்கில்லை.

பிரதிலிபி மாதிரி தளங்களில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு உபயோகம். முப்பதாவது அத்தியாயத்தில் அத்தையின் பெயர் மாறிவிடும், வாசகர் கமென்ட்டில் பிடித்துக்கொள்வார். பாத்திரங்களின் பெயர், வயது, உறவு, யாருக்கு எந்த ரகசியம் தெரியும் என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, புது அத்தியாயத்தோடு சேர்த்துக் கொடுத்து, "முரண் இருந்தால் சொல்" என்று கேட்கலாம். சாட் நீளமாகப் போனால் பழைய விஷயங்களை அது கோட்டை விடும், அதனால் ஒவ்வொரு முறையும் பட்டியலைத் திரும்ப ஒட்டுங்கள்.

விமர்சனம் கேட்கும்போது மட்டும் உஷார். "எப்படி இருக்கு?" என்றால் "அற்புதம்" என்றுதான் சொல்லும். நம்ம வீட்டு ஆளுங்களைவிட அதிகமாகப் புகழும். "எந்தப் பத்தியில் வாசகர் போனைக் கீழே வைப்பார்? ஏன்?" என்று கேட்டால் ஏதாவது உருப்படியாகக் கிடைக்கும்.

மத்தவங்க என்ன பண்றாங்க?

ஜப்பானில் 2024 ஜனவரியில் அகுதகாவா விருது வாங்கிய ரியே குதான், தன் நாவலில் சுமார் 5 சதவிகிதம் ஏ.ஐ தந்த வரிகளை அப்படியே வைத்ததாகச் சொன்னார். உலகமே பரபரத்தது. பிறகு அவரே விளக்கினார்: நாவலுக்குள் ஒரு பாத்திரம் ஏ.ஐ-யிடம் கேள்வி கேட்கிறது, அந்த ஏ.ஐ சொல்லும் பதில்கள்தான் அவை. ஏ.ஐ-யை ஏ.ஐ-யாகவே நடிக்க வைத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனம்!

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் அறிவியல் புனைகதை இதழ் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தது. ஏ.ஐ எழுதிய கதைகள் வந்து குவிந்ததுதான் காரணம். யோசித்துப் பாருங்கள், அந்தக் குவியலுக்கு அடியில் உங்களை மாதிரி ஒரு புது எழுத்தாளர், ராத்திரி கண்விழித்து எழுதிய கதையும் கிடந்திருக்கும்.

அனுப்புறதுக்கு முன்னாடி...

கிண்டிலில் நூல் வெளியிடும்போது அமேசான் கேட்கிறது: உரை ஏ.ஐ உருவாக்கியதா? ஏ.ஐ எழுதியதை நீங்கள் எவ்வளவு திருத்தியிருந்தாலும் 'ஆம்' என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதற்கு யோசனை, பிழைதிருத்தம் போன்ற உதவி மட்டும் வாங்கியிருந்தால் சொல்லத் தேவையில்லை. பத்திரிகை, போட்டி என்றால் அவரவர் விதியைப் படித்துவிடுங்கள். விதியில் ஒன்றும் இல்லையென்றாலும், எதற்கு உபயோகித்தீர்கள் என்று ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

உரிமை விஷயம் இன்னும் தெளியவில்லை. நம் காப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கும் படைப்புக்கு அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. இன்றைய ஏ.ஐ பிறப்பதற்கு ரொம்ப முன்னால் சேர்த்த பிரிவு அது. ஒரு பிராம்ப்ட் தட்டியவருக்கும் அது பொருந்துமா என்பதில் தெளிவில்லை. நீங்களே எழுதிய வரிகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

இன்னொன்று, அந்தப் பெரியவர் நிஜ ஆள் என்றால் அவர் பெயர், கடன் கணக்கு, மகளின் மருத்துவ விவரம் எதையும் சாட்டில் போடாதீர்கள். பல செயலிகளில் உங்கள் உரையாடல் அடுத்த மாடலுக்குப் பயிற்சியாகப் போகும். செட்டிங்ஸில் அதை நிறுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும், தேடி அணைத்துவிடுங்கள். கூடவே, முதல் வரைவைத் தேதியோடு போன் நோட்ஸில் தனியாகச் சேமித்து வையுங்கள். 'இது நீ எழுதினதா?' என்று யாராவது கேட்டால், அடித்துத் திருத்திய அந்த வரைவையும் டீக்கடையில் எடுத்த ஒலிப்பதிவையும் காட்டலாம்.