பாக் வந்த வீடு: இளையராஜாவின் காணிக்கை இசையும் தோட்டப்புறப் பின்புலமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றைக் கூறுவோர், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தோற்றுவித்த போ தோட்டத்தைத் தவறாமல் குறிப்பிடுவர். அங்குக் கொழுந்து கொய்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் 'லயம்' ஆயிற்று. இசையில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. லயத்து வீடு குடியிருப்பவர்க்குச் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் தனியார் நிலமாதலின் வெளியார் உள்ளே வருவதற்கு நிருவாகத்தின் இசைவு வேண்டியிருந்தது. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்த குறளை உடைய மக்களுக்கு, விருந்தினரைத் தம் விருப்பப்படி அழைக்க இயலாத வீடு வாய்த்தது.

இப்பின்புலத்தை மனத்திற்கொண்டு, இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' என்னும் கருவியிசைத் தொகுப்பினை நோக்க விழைகிறோம். இளையராஜா மலேசியத் தோட்டத்தவர் அல்லர். எனினும், பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த அவருடைய தந்தை இராமசாமி, மலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்தவர். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்ததும் அதே கங்காணி முறையே. தமையனார் பாவலர் வரதராசன், 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளரிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடினார். பதினான்காம் அகவையில் அண்ணனின் குழுவிற் சேர்ந்த இளையராஜா, நேரு மறைந்தபொழுது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசையமைத்தார். அதுவே அவர்தம் முதல் இசையாக்கம் என்பர். ஆக, அவருடைய இசைப்பணி ஒரு நினைவஞ்சலியுடனேயே தொடங்கியது.

இசைவாணரைப் போற்றி இசைவாணர் புதிதாக ஒன்றை ஆக்கும் வழக்கம் பல மரபுகளில் உண்டு. தியாகராசரின் சீடர் வழியில் வந்த மைசூர் வாசுதேவாச்சாரியார், அவரைக் குருவாக வணங்கிக் கல்யாணி இராகத்தில் ஒரு கிருதி செய்தார். அதில் சீடர் குருவின் திருவடியை நாடிச் செல்கிறார். வணக்கத்தைச் சுமப்பது சாகித்தியம். அமெரிக்க ஜாஸ் இசையிலோ பெரும்பாலும் சொல் இல்லை. ஜாங்கோ ரைன்ஹார்ட் 1953இல் மறைந்தபின் ஜான் லூயிஸும், கிளிஃபர்ட் பிரவுன் 1956இல் விபத்தில் இறந்தபின் பென்னி கோல்சனும், லெஸ்டர் யங் 1959இல் மறைந்தபின் சார்ல்ஸ் மிங்கஸும் ஆக்கியவை இன்றும் வாசிக்கப்படுகின்றன. அவற்றில் கேட்பது துக்கம். சக கலைஞனின் பிரிவு.

இளையராஜாவின் தொகுப்பு இவ்விரண்டினின்றும் வேறுபடுகிறது. அது தியாகராசருக்கும் யோகான் செபாஸ்தியன் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்டது. இருவரும் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆதலின் அண்மைத் துக்கத்திற்கு அங்கு இடமில்லை. பாடல் வரிகளில்லாத தொகுப்பில் தலைப்புகளே சொற்கள். அவற்றுள் ஒன்று, 'அறை தியாகராசரை வரவேற்கிறது' எனப் பொருள்படும். 'சேம்பர்' என்பது அறையையும், அறையில் ஒருசிலர் கூடி வாசிக்கும் மேலை இசைவகையையும் ஒருங்கே குறிக்கும். மற்றொன்று, 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்பது. அதனைத் தொடர்வது, 'நாங்கள் உரையாடினோம்' என்பது. வரவேற்பு, சந்திப்பு, உரையாடல் என விருந்தோம்பலின் படிகள் அனைத்தும் இங்குள்ளன. இளையராஜா பெரியோரின் வாயிலில் காத்து நிற்கவில்லை. வீடு அவருடையது, வந்தவர்கள் விருந்தினர்.

இசையும் இதற்கு இயைகிறது. பாக்கின் கையெழுத்துப்படி 1720ஆம் ஆண்டைக் கொண்டது. அதிலுள்ள மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி, நில்லாது விரைந்தோடும் சுரங்களாலானது. அதனைத் தனி வயலின் இசைக்க, இளையராஜா தாம் எழுதிய நரம்பிசையைச் சூழ அமைக்கிறார். விருந்தினர் பேச்சை இடைமறிக்காமல் வீட்டுக்காரர் தம் பேச்சைச் சேர்ப்பது போன்றது இது. பாக்கின் ஆக்கத்தைத் தொடுவது துணிச்சல் என்பாருக்கு ஒன்று கூறலாம்: பாக்கே இப்பகுதியை 1731இல் ஆர்கனுக்கும் குழுவிசைக்குமாக மாற்றி, ஒரு கண்டாட்டாவின் தொடக்கமாக்கினார்.

தந்தையின் தொழிலைக்கொண்டு மகனின் இசையை விளக்குவது எளிய வழி எனச் சிலர் மறுக்கக்கூடும். மறுப்பில் நியாயம் உண்டு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பெற்ற மேலையிசைப் பயிற்சியின்றி இத்தொகுப்பு பிறந்திராது; தோட்டம் எவர்க்கும் ஃபியூக் எழுதக் கற்பிப்பதில்லை. நாம் கூறவருவது அதனினும் குறுகியது. எதை எழுதுவது என்பதைப் பயிற்சி தந்தது. எங்கு நின்று எழுதுவது என்பதை வாழ்க்கை தந்தது. தமிழிசை வரலாற்றை எழுதுவோர் கருநாடக இசை, திரையிசை என்னும் இரு பிரிவுகளோடு நின்றுவிடுவதால், எதிலும் அடங்காத இத்தொகுப்பு நழுவிப்போகிறது. தலைப்பிலேயே பெயரின்மையை ஒப்புக்கொண்ட ஆக்கத்திற்கு இது நேர்ந்தது வியப்பன்று.

மட்டக்களப்பிற் பிறந்த பாலு மகேந்திரா, இத்தொகுப்பின் இசையையே 1988இல் வெளிவந்த தம் திரைப்படத்திற்குப் பின்னணியாகக் கொண்டார். நடுத்தர வருவாயுள்ள பெண்ணொருத்தி, தன் குடும்பத்திற்கென ஒரு கூரை எழுப்பப் படும் பாட்டைக் கூறும் அப்படத்தின் பெயர் 'வீடு'.