குன்றேறிய டாங்கி

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சிறுவடிவ டாங்கி செய்வதைப் பிள்ளை விளையாட்டென்று பெரியோர் சிலர் எண்ணுவதுண்டு. துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, அரத்தால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தி, வர்ணந் தீட்டுவது பொழுதுபோக்கே. ஆயினும் செய்பவன் அதன் சரித்திரத்தையும் விசாரித்து அறிவானாயின், அஃது ஒரு கல்வியாகவும் அமையும். இதற்கு 'லீ' என்னும் டாங்கி தக்க சான்றாகும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர் செய்த இந்த டாங்கி ஏறக்குறைய 27 தொன் நிறையுடையது. வலப்புறத்தில் 75 மில்லிமீற்றர் பீரங்கியும், மேலே சுழலும் கோபுரத்தில் 37 மில்லிமீற்றர் பீரங்கியும் உண்டு. ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட இதன் உருவைப் பின்னாளில் ஜப்பானிய நிறுவனமாகிய தமியாவே 1/35 அளவில் செய்து விற்றது. ஐந்தரை மீற்றருக்கு மேல் நீளமான இயந்திரம் அவ்வளவில் 16 சென்ரிமீற்றராகச் சுருங்குகின்றது. பகைமை மாறுவதற்கு இதுவும் ஓர் அடையாளமன்றோ!

1944 ஏப்ரலில் ஜப்பானியர் இம்பால் சமவெளியை நெருக்கினர். அங்கு அவர்கள் கைப்பற்றியிருந்த நுன்ஷிகும் என்னுங் குன்றின் செங்குத்தான சரிவில் டாங்கிகள் ஏறுமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் 13ஆம் நாள், பிரித்தானியக் காரபினியர் படையின் டாங்கிகள் இந்திய டோக்ரா வீரருடன் அதில் ஏறின. குறுகிய முகட்டிற் சாரதிக்கு வழிகாட்ட வேண்டியிருந்தமையால், தளபதிகள் கோபுரத்துக்கு வெளியே தலைநீட்டி நின்றனர்; குண்டுகளுக்கு இரையாயினர். டாங்கி அணியின் அதிகாரிகள் அனைவரும் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அதன்பின் சார்ஜன்ட் மேஜர் ஒருவரும் டோக்ரா சுபேதார்களும் தலைமையேற்றுக் குன்றைக் கைப்பற்றினர்.

இதனை அறிந்தவன் தன் சிறுவடிவை எவ்வாறு முடிப்பான்? கோபுரத்தின் மூடியைத் திறந்தே ஒட்டுவான். தலைநீட்டிய மனித உருவொன்றை அங்கு நிறுத்துவான். பருவமழை தொடங்காத காலமாதலால், பச்சை வர்ணம் உலர்ந்தபின், சக்கரச் சங்கிலியில் சேற்றை அப்பாமல், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் புழுதிநிறத்தை மெல்லத் தடவுவான்.

இக்கதை நமக்குத் தூரத்து விஷயமன்று. அதே ஏப்ரலிலேதான் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். மாத்தளை வீதியிலுள்ள நம் அலவத்துகொடவிலிருந்து அவ்விடம் நெடுந்தூரமோ? மறுபக்கத்திலும் நம்மவர் உண்டு. மலாயாத் தமிழர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர்; அவ்விராணுவத்தின் பிரிவுகள் ஜப்பானியருடன் இம்பாலை நோக்கி வந்தன. ஆகவே ஒரு பக்கத்தாரை வீரரென்றும் மறுபக்கத்தாரை வெறும் பகைவரென்றும் சொல்லிவிட நமக்கு இயலாது.

அந்நாட்களை நினைவிற் கொண்ட முதியோர் இன்று மிகச் சிலரே. இளைஞர்களே, டாங்கி செய்யுங்கள். ஆனால் அதன் அருகே நாளையும் இடத்தையும் எழுதிய சீட்டொன்றையும் வையுங்கள். அச்சீட்டு இல்லையேல் அது விளையாட்டுப் பொருள். இருந்தால் ஓர் அஞ்சலி.