சைக்கிளும் மோட்டாரும்

நமது நாட்டுப் பத்திரிகைகளில் ஓயாது வெளிவரும் முறையீடுகளுள் சாலையைப் பற்றியதும் ஒன்று. மோட்டார் ஓட்டும் கனவான் எழுதுகின்றார்: சைக்கிள்காரர் இருவர் மூவராய்க் கைகோத்தாற்போலப் பக்கம் பக்கமாய்ச் செல்கின்றனர், சிவப்பு விளக்கை மதிப்பதில்லை, இரவில் விளக்கின்றி வருகின்றனர், சாலை வரியோ ஒரு காசும் செலுத்துவதில்லை. சைக்கிள்காரர் மறுமொழி எழுதுகின்றார்: மோட்டார்காரர் முழங்கை உரசும்படி ஒட்டிச் செல்கின்றனர், முன்னறிவிப்பின்றி இடப்பக்கம் திரும்புகின்றனர், எமக்கென்று வண்ணம் தீட்டிய பாதையிலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுகின்றனர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக நகர்ப்புற மாநாடு கோலாலம்பூரில் கூடியதையொட்டி நகரின் நடுவே நீலப்பாதை தீட்டப்பட்டதும், அந்நீலத்தின்மேல் மோட்டார்கள் வந்து வரிசையாய் நின்றதும் ஊரறிந்த செய்தி.

இவ்வழக்கை ஒழுக்கக் குறைவு என்னும் ஒரே தலைப்பில் அடக்கிவிட்டு, இருவரும் பொறுமையைக் கைக்கொள்க என்று உபதேசம் செய்து முடிப்பது எளிது. நாம் அவ்வாறு முடிக்க விரும்பவில்லை. சாலையில் யார் யாருக்கு வழிவிடுவது என்னும் வினா வேகத்தைப் பற்றியதுபோலத் தோன்றினும், பல காலத்தில் பல இடத்தில் அது அந்தஸ்தைப் பற்றியதாகவே இருந்து வந்திருக்கின்றது. இதற்குச் சான்று தேடி இலண்டனுக்குப் போக வேண்டுவதில்லை. கிள்ளானுக்குப் போனாற் போதும். ஆயினும் வண்டியின் பிறப்பைச் சிறிது சொல்லிவிட்டு அங்குச் செல்வோம்.

இங்கிலாந்தில் சைக்கிள் பெருகத் தொடங்கிய நாளில் புதிதாய் வந்த குறும்புக்காரன் சைக்கிள்காரனே. முறையிட்டவர் குதிரைவண்டிச் சீமான்கள். குதிரை மிரளுகின்றது என்பது அவர்தம் புகார். சைக்கிளும் ஒரு வண்டியா, அன்றி வெறும் விளையாட்டுக் கருவியா என்பதே அன்று நீதிமன்றத்துக்குப் போன கேள்வி. வேகமாய் ஓட்டிய ஒருவரைத் தண்டிக்கும் பொருட்டு 1879ஆம் ஆண்டில் நீதிபதிகள் அதுவும் வண்டியே என்று தீர்ப்பளித்தனர். தண்டிக்க அளித்த பெயர் பின்னர்ப் பாத்தியதையாக மாறிற்று. 1888ஆம் ஆண்டுச் சட்டம் சைக்கிளை வண்டியென்று ஒப்புக்கொண்டு, இரவில் விளக்கும், பிறரை முந்தும்போது மணியோசையும் வேண்டுமென்று விதித்தது. நல்ல சாலை வேண்டுமென்று சங்கங் கூட்டிக் கிளர்ச்சி செய்தவரும் அந்நாளில் சைக்கிள்காரரே. அவர் கேட்டுப் பெற்ற சாலையில் மோட்டார் பின்னர் வந்து ஏறிக்கொண்டது. இன்று சைக்கிள்காரனைப் பார்த்து, “சாலை உன்னுடையதா?” என்று கேட்போர் இதனை அறிந்திருந்தால் நன்று.

அந்த 1888ஆம் ஆண்டு நமக்கு மிக நெருங்கிய ஆண்டு. அவ்வாண்டிலேதான் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்கெனச் செய்த காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்துக்கு உரிமம் பெற்றார். அதே ஆண்டில் ரிட்லி என்பார் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராய் வந்திறங்கினார். அங்கே 1877இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த 22 இரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் வளர்ந்து நின்றன. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையை ரிட்லி கண்டறிந்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதன்முதல் இரப்பரைத் தோட்டப் பயிராய் நட்டார். சிங்கப்பூரில் முதல் மோட்டார் வந்திறங்கியதும் அதே 1896இல்தான். அது எழுப்பிய ஓசையால் அதற்குக் காப்பி யந்திரம் என்று பட்டப்பெயர் இட்டனர்! ஆக, காற்றுச்சக்கரம் முதலில் சைக்கிளுக்கென்றே பிறந்தது. மோட்டார் அதைக் கடன் வாங்கிற்று. அச்சக்கரத்துக்குப் பால் வேண்டியதால் காடு அழிந்து தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு ஆள் வேண்டியதால் நம் முன்னோர் கங்காணியின் பின்னே கப்பலேறினர். சாலையில் சண்டையிடும் இருவரும் நம்மவர் சீவிய மரத்தின் பாலின்மேலேதான் உருண்டு வந்தனர்.

நிற்க. தோட்டத்தினுள்ளே வாகனத்துக்கும் வருணாசிரமம் இருந்தது. துரைக்கு மோட்டார், கிராணிக்கு சைக்கிள், தொழிலாளிக்குக் கால். இவ்வொழுங்கு நிலைத்திருந்தவரை தோட்டத்துச் சாலையில் தகராறு இல்லை. சிறுகச் சிறுகக் காசு சேர்த்துத் தொழிலாளியும் ஒரு பழைய சைக்கிளை வாங்கியபோதுதான் தகராறு பிறந்தது. எதிரே துரை வந்தால் அவன் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். துரை கடந்த பின்னரே ஏற வேண்டும். துரைக்கு மட்டுமா? ஆசியரான தோட்ட உத்தியோகஸ்தருக்கும் இம்மரியாதை செலுத்தப்பட வேண்டும். அதாவது, நம்மைப் போன்ற கிராணிமாருக்கும்!

இதனைப் படிக்கும் தமிழ்நாட்டு அன்பர்களுக்கு இவ்வழக்கம் புதிதன்று. தாழ்த்தப்பட்டோர் மேற்சாதித் தெருவில் செருப்பணிந்து நடத்தலாகாது, சைக்கிளில் ஏறிச் செல்லலாகாது என்னும் கட்டுப்பாடு தென்னாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இருந்ததே. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டமும் கோயிலுக்குள் புகுவதற்கன்று. கோயிலைச் சுற்றியுள்ள பொதுச்சாலையில் நடப்பதற்கே. கடல் கடந்தால் சாதி கழியும் என்பர் சிலர். கப்பலில் ஏறியபோது அதையும் ஒரு மூட்டையாய்க் கட்டி ஏற்றிவந்தோம்; வெள்ளைக்காரத் துரை தமக்கு வேண்டிய துண்டை அதிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பதே நமது கருத்து.

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவராயிருந்த ஆர். எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். சங்கத்தார் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல வைத்தியம், கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்டிரிடம் மேலதிகாரிகள் தகாது நடப்பதற்கு முடிவு, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, சங்கம் அமைக்க உரிமை. இவற்றினிடையே ஒரு கோரிக்கை: துரைக்கும் உத்தியோகஸ்தருக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்ல அனுமதிக்கப்பட வேண்டும்.

கூலி 50 காசாயிருந்த காலத்தில், கள்ளும் நோயும் குடும்பங்களை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், சைக்கிளிலிருந்து இறங்குவது ஒரு பெரிய காரியமா என்று கேட்கலாம். சட்டமறிந்த கனவான்கள் அன்று அவ்வாறே கேட்டிருப்பர். ஆனால் அதனைக் கோரிக்கையாய் எழுதியவனுக்கு நாள்தோறும் அதன் எடை தெரியும். கூலிக் குறைவைச் சம்பள நாளில் உணர்கின்றான்; இறங்கி நிற்கும் அவமானத்தையோ சாலையில் ஒவ்வொரு தடவையும், மனைவி மக்கள் பார்க்க உணர்கின்றான். தோட்டத்துப் படிநிலையை ஆராய்வோர் கூலிக் கணக்கை மட்டும் புரட்டுவது போதாது. யார் முன்னே யார் இறங்கினர் என்பதையும் எழுத வேண்டும். கிராணிமாரில் எத்தனை பேர் அன்று, “எமக்காக இறங்க வேண்டா” என்று தாமே முன்வந்து சொன்னார்கள் என்னும் கேள்வியையும் நமது வகுப்பார் கேட்டுக்கொள்ளலாம். தொழிலாளர் அவ்வகுப்பாருக்குக் ‘கறுப்புத் துரை’ என்று பெயர் வைத்தது காரணமின்றியன்று.

சர்க்கார் தந்த விடை யாவரும் அறிந்ததே. கூலி சில காசு உயர்ந்தது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுதும் பரவிற்று. அவசர நிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் இறங்கிற்று, தொழிலாளர் ஐவர் மாண்டனர். சுட வந்த பட்டாளமும் இந்தியச் சிப்பாய்களைக் கொண்டதே.

பின்னர் ஏழு மாதம் முடியுமுன்னே சரித்திரம் ஒரு விந்தை செய்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியர் தீபகற்பத்தின் நெடுகிலும் சைக்கிளில் வந்தனர். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் இருந்தன என்று அப்படையின் திட்ட அதிகாரியான சுஜி எழுதியிருக்கின்றார். பாலம் தகர்க்கப்பட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தனர். சக்கரம் வெடித்தால் இரும்பு வளையத்தோடேயே ஓட்டினர். இரவில் அவ்வோசையை டாங்கி வருவதாக எண்ணி எதிரிகள் திகைத்ததுமுண்டு. மோட்டாருக்கென்று வெள்ளையர் தார் போட்டு வைத்த சாலையே ஜப்பானியச் சைக்கிளுக்கு வழியாயிற்று. ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் தோற்ற ஆங்கிலப்படை பின்வாங்கிய அப்பெருஞ்சாலை நமது ரவாங் வழியாகவே கோலாலம்பூருக்குச் செல்கின்றது. 11ஆம் நாள் கோலாலம்பூர் விழுந்தது. துரைமார் அதற்கு முன்பே மோட்டாரேறித் தெற்கே போய்விட்டனர். இதில் தமிழன் மகிழ ஏதுமில்லை. சைக்கிளில் வந்தவர் அவனைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோன கதை நம் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகின்றது.

சுதந்திரத்துக்குப் பின் இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிந்தது. ஆனால் சாலை அகன்று வேகம் பெருகவே, சிறிய வண்டியைத் தனியே ஒதுக்குவது என்னும் புது வழக்கம் வந்தது. ஒதுக்குவது தீது என்று நாம் சொல்லவில்லை. கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களின் தொடக்கத்தில் இரண்டு சக்கர வண்டிகளுக்கெனத் தனிப்பாதை அமைந்தது. அதனால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்தன என்று ராடின் உமார் முதலிய ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். உயிர் காத்த பாதை அது. ஆனால் குறுகியது, வளைவு நெருக்கமானது. பெரிய வண்டிக்கு எஞ்சிய இடத்தைச் சின்னவனுக்குக் கொடுத்தார்கள் என்பது பார்த்தவுடன் விளங்கும். 1934இல் இலண்டனின் மேற்குச் சாலையில் முதல் சைக்கிள்பாதை திறந்தபோது அந்நாட்டுச் சைக்கிள் சங்கத்தார் அதனை எதிர்த்தது இதனால்தான்: இன்று பாதை தருவார்கள், நாளை சாலையைவிட்டே இறங்கச் சொல்வார்கள் என்று அவர் அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் வீணன்று என்று நமக்குத் தோன்றுகின்றது.

2017 பிப்ரவரி 18 விடியற்காலையில், ஜொகூர் பாருவில், திருத்தியமைத்த சிறு சைக்கிள்களில் கூட்டமாய்ச் சென்ற சிறுவர் எண்மர் மோட்டார் மோதி மாண்டனர். ஓட்டிய பெண்மணி கீழ்நீதிமன்றத்தில் இருமுறை விடுதலை பெற்று, 2022இல் உயர் நீதிமன்றத்தில் ஆறாண்டுச் சிறை விதிக்கப்பெற்று, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ஆறாண்டுக் காலம் நாடே இரண்டாய்ப் பிரிந்து வழக்காடிற்று. ஒரு சாரார் பெற்றோரைப் பழித்தனர், ஒரு சாரார் ஓட்டியவரைப் பழித்தனர். அவ்வளவு பேச்சிலும், இருட்டில் வேறு திடலின்றிச் சிறுவர் ஏன் நெடுஞ்சாலையை நாடினர் என்று கேட்ட குரல் மிகச் சிலவே.

பத்திரிகையில் எழுதும் சைக்கிள்காரர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரர். மற்ற ஆறு நாளும் அவர் மோட்டாரிலேயே செல்கின்றார். அவருடைய சைக்கிளின் விலைக்கு ஒரு பழைய மோட்டார் வாங்கலாம். அவரது உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளைத் தவிர வேறு வாகனமில்லாதவன் ஒருவன் உண்டு. அவன் பத்திரிகைக்கு எழுதுவதில்லை. ரவாங்கைச் சுற்றி இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையிலும் பாதி போய் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்தன. நம்மவர் பிள்ளைகள் மோட்டாருக்கு மாறிவிட்டனர். விடியுமுன் ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்கு வரும் சைக்கிள்களில் இன்று வங்காளதேசத்தாரும், நேபாளத்தாரும், இந்தோனேசியரும் இருக்கின்றனர். செக்ரோலில் அவர்தம் பெயரை எழுதுவது நமது வேலை. லாரியின் ஊதலொலி கேட்டவுடன் அவர்கள் தாரைவிட்டுப் புல்லில் இறங்கிவிடுவதை நாம் காண்கின்றோம். இவர்களை மறித்து ஏசுகின்ற மோட்டார்க்காரருள், தம் பாட்டன் கிள்ளான் சாலையில் எதற்காகச் சிறை சென்றான் என்பதை அறியாத தமிழரும் உளர்.

1894ஆம் ஆண்டில், லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தம் ஈயச் சுரங்கத்தில் மின்யந்திரம் வைத்தபோது, இந்நாட்டில் மின்சாரம் முதலில் பாய்ந்த ஊர் ரவாங். அவ்வூரின் புறத்தே தோட்டத்துச் சந்திப்பிலிருந்து தொழிற்சாலை வரையுள்ள சாலையில் இன்றும் விளக்கில்லை. 2017இல் ஊரைத் தாண்டிச் செல்ல உயர்ந்த தூண்களின்மேல் மாற்றுச்சாலை திறந்தார்கள். கீழே பழைய சாலையின் ஓரம் பழையபடியே இருக்கின்றது. அதன் இருபுறமும் மூன்றடி அகலத்துக்குத் தாரிட்டு, வெள்ளைக்கோடு போட்டு, நான்கு விளக்குக்கம்பம் நட வேண்டுமென்று தோட்டத்தார் சிலரும் நாமும் கையொப்பமிட்டு உரிய அதிகாரிகளுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றோம். சைக்கிளில் வருவோர் பதினெண்மரும் தத்தம் எழுத்தில் அதில் கையொப்பமிட்டுள்ளனர்.