உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி: விழுப்புரம், திண்டிவனம்

உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி என்பது ஒரு நகரம் அல்லது மாவட்டத்தின் எல்லைக்குள் கேபிள் வழியாக மட்டும் தனியார் நடத்தும் ஒளிபரப்பு. பேச்சு வழக்கில் இது ‘லோக்கல் சேனல்’. விழுப்புரம் மாவட்டத்தில் விழுப்புரம், திண்டிவனம் நகரங்களும் அவற்றைச் சுற்றியுள்ள செஞ்சி, மயிலம், விக்கிரவாண்டி, மரக்காணம் பகுதிகளும் இத்தகைய ஒளிபரப்புக்குரிய வட்டாரம்.

உரிமையின் தன்மை

அமெரிக்காவில் நெக்ஸ்டார், சின்க்ளேர் போன்ற தனியார் நிறுவனங்கள் பல நகரங்களில் கோபுரம் வைத்து ஒளிபரப்பும் நிலையங்களைச் சொந்தமாக வைத்திருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நாட்டின் தொலைக்காட்சி வீடுகளில் 39 விழுக்காட்டுக்கு மேல் எட்டக் கூடாது என 2004இல் அங்கே வரம்பு வகுக்கப்பட்டது. இந்தியாவில் நிலைமை வேறு. வானலை பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் தரைவழிக் கோபுர ஒளிபரப்பு தூர்தர்ஷனிடமே இருந்துவந்தது, தனியாருக்குத் திறக்கப்படவில்லை. தனியாருக்குக் கிடைத்தவை செயற்கைக்கோளும் கேபிளும். ஆகவே இங்கே உள்ளூர்ச் சேனல் வைத்திருப்பவரிடம் இருப்பது அலைவரிசை உரிமம் அன்று, கேபிளில் ஓர் இடம்.

வளர்ச்சி

1980களில் தெருவுக்குள் ஒரு வீடியோ பிளேயரை வைத்து, ஒயர் இழுத்து, வீடுகளுக்குப் படம் காட்டியதே கேபிள் தொழிலின் தொடக்கம். 1991இல் ஸ்டார் டிவியும் 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவியும் வந்தபின் மாடிக்கு மாடி டிஷ் ஆண்டெனா ஏறியது. தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே 1993இல்தான், செப்டம்பர் 30 அன்று.

1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டம் இத்தொழிலை நெறிப்படுத்தியது. தனிநபர், சங்கம், நிறுவனம் ஆகிய யாரும் கேபிள் ஆபரேட்டராகலாம். தலைமை அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிந்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது நெடுங்கால நடைமுறை. 2025 ஜனவரியில் இது மாறியது: பதிவு இணையவழியில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குச் சென்றது, கட்டணம் 5,000 ரூபாய், காலம் 5 ஆண்டுகள்.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் பதிவானது; 2011 செப்டம்பர் 2 முதல் புதிதாக இயங்கத் தொடங்கியது. அப்போது மாதச் சந்தா 70 ரூபாய். அதில் 20 ரூபாயை ஆபரேட்டர் நிறுவனத்துக்குக் கட்டினார். சேனல்களைத் திரட்டிக் கேபிளில் அனுப்பும் கண்ட்ரோல் ரூம் அரசிடமோ பெரிய தனியார் நிறுவனத்திடமோ இருக்க, தெருவில் ஒயரைப் பார்த்துக்கொள்பவர் உள்ளூர்க்காரர் என்ற பிரிவு அதன்பின் அழுத்தமாகப் பதிந்தது.

டிஜிட்டல் மாற்றம்

அனலாக் காலத்தில் ஆபரேட்டர் தம் அறையில் ஒரு மாடுலேட்டரைப் பொருத்தினாலே போதும். சொந்தச் சேனல் ஊருக்குள் ஓடிவிடும். 2011ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் டிஜிட்டல் முறையைக் கட்டாயமாக்கியது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகராட்சிகள் மூன்றாம் கட்டத்திலும், கிராமங்கள் நான்காம் கட்டத்திலும் வந்தன. செட்டாப் பாக்ஸ் வந்தபின், சிக்னலை மறையாக்கி அனுப்பும் எம்.எஸ்.ஓ. எனப்படும் பெருநிறுவனத்தின் கண்ட்ரோல் ரூம் வழியாகவே எந்தச் சேனலும் வீட்டுக்குப் போக முடியும். உள்ளூர்ச் சேனலின் கடிவாளம் ஆபரேட்டரின் கையிலிருந்து எம்.எஸ்.ஓ.வின் கைக்கு மாறியது இதனால்தான்.

2022 நவம்பர் 30 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய சேனல்களை ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ என வகைப்படுத்தின. ஒரு சேனலுக்கு ஒருமுறைப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 விழுக்காடு வரை இவற்றுக்கு ஒதுக்கலாம். மாவட்டத்துக்கு மேலும் 2 சேனல்கள் அனுமதி. விழுப்புரமும் திண்டிவனமும் ஒரே மாவட்டம் என்பதால் இந்தக் கூடுதல் இடத்தை இரு நகரங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டியதாகிறது. உள்ளூர்ச் செய்தி வழங்க நிறுவனமாகப் பதிவு பெற்ற எம்.எஸ்.ஓ.க்களுக்கே அனுமதி. நிகழ்ச்சிப் பதிவுகளை 90 நாள் காக்க வேண்டும். திரையில் ‘பிளாட்ஃபார்ம் சர்வீஸ்’ என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

நிகழ்ச்சிகளும் வருவாயும்

உள்ளூர்ச் சேனலின் உயிர் திருவிழா நேரலை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசி மாத மயானக் கொள்ளை, மயிலம் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் போன்றவை சென்னைச் சேனல்களில் சில நிமிடச் செய்தி. உள்ளூர்ச் சேனலுக்கோ அவை மணிக்கணக்கில் ஓடக்கூடிய நிகழ்ச்சிகள். இரண்டு கேமரா, ஒரு என்கோடர், கண்ட்ரோல் ரூம்வரை ஒரு ஃபைபர் இருந்தால் தேர் நிலைக்கு வரும்வரை காட்டலாம். மற்ற நேரத்தில் பழைய பாடல்கள், பள்ளி ஆண்டுவிழா, ஊர்ச் செய்தி. திரையின் அடியில் நகைக்கடைத் தள்ளுபடியும் மஞ்சள் நீராட்டு விழா வாழ்த்தும் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியும் ஒரே வரியில் ஊர்ந்துபோகும். இந்த வரி விளம்பரமே வருவாய்க்குப் பெரிய துணை.

தேர்தல் காலத்தில் கேபிளில் ஓடும் அரசியல் விளம்பரத்துக்கு முன்சான்று வாங்க வேண்டும். 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையின்படி அமைந்த நடைமுறை இது. சட்டத்தின் நிகழ்ச்சி நெறியை மீறும் ஒளிபரப்பை நிறுத்த மாவட்ட ஆட்சியருக்கும் கோட்ட நிலை நிர்வாக நடுவருக்கும் அதிகாரம் உண்டு.

வரம்புகள்

கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்களின் மேலேயே ஓடுகிறது. கம்பம் சாய்ந்தால் கேபிளும் விழும். 2024 நவம்பர் 30, டிசம்பர் 1 தேதிகளில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் மட்டும் 51 செ.மீ. மழை பெய்தது. எந்த ஏரி உடைந்தது, எந்தப் பாதை அடைபட்டது என்ற செய்தி மிகவும் தேவைப்படும் இத்தகைய நேரத்தில், கம்பத்தையும் மின்சாரத்தையும் நம்பிய ஒளிபரப்பே முதலில் நிற்கக்கூடியது.

இவ்வட்டாரத்தோடு தொடர்புள்ள செயற்கைக்கோள் சேனலும் ஒன்று உண்டு. திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தில் வசிக்கும் பா.ம.க. நிறுவனர் ச. இராமதாசு தொடங்கிய மக்கள் தொலைக்காட்சி, 2006 செப்டம்பர் 6 அன்று ஒளிபரப்புக்கு வந்தது. அது உலகத் தமிழருக்காகச் சென்னையிலிருந்து இயங்கும் சேனல். ‘லோக்கல் சேனல்’ என்ற வகைக்குள் வராது. அந்த வகைக்குள் வருவன மாவட்ட எல்லைக்குள், அதுவும் கேபிள் போய்ச்சேரும் வீடுகளில் மட்டுமே தெரிபவை.